அவருக்குப் பிடித்த டிவி

"இதோட சத்தம் வாசல் வரைக்கும் கேக்குமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எல்லாரும் படம் எப்படித் தெரியும்னுதான் கேப்பாங்க. நீங்க சத்தத்தைக் கேக்கறீங்களேம்மா!"

"வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றாள் அவள். சொல்லும்போதே கடைக்குள் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. ஒரு பக்கம் பாதி கட்டிய கட்டடம், எதிரே காலி மனை. இருட்டினால் குழாயில் நீர் சொட்டுவதுகூட யாரோ நடப்பதுபோல் கேட்கும். வீட்டுக்குள் ஏதாவது ஒரு பேச்சுச் சத்தம் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"சின்ன ஹால்னா முப்பத்திரண்டு இஞ்ச் தாராளம். மாசாமாசம் கேபிளுக்கு அழ வேண்டாம்னா மாடியில ஒரு ஆன்டெனா போட்டுக்கோங்க, இலவச சேனலே ஏகப்பட்டது வரும். சத்தத்துக்கு இந்தக் குட்டி ஸ்பீக்கர். கையைக் கடிக்காது" என்றார் கடைக்காரர். "எதுக்கும் சாரை ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டிடுங்களேன்."

"வேண்டாம். அவருக்கு இதுதான் பிடிக்கும்" என்றாள் அவசரமாக. "மாட்டறதுக்கு வர்றவர் தெரிஞ்ச ஆள்தானே?"

"நம்ம மெக்கானிக்தான். உங்க பின்னாடியே அனுப்பறேன்."

சொன்னபடியே, அவள் வீட்டைத் திறந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, வண்டி வந்து நின்றது. மெக்கானிக் வாட்டசாட்டமான ஆள். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்று வீட்டை ஒரு சுற்று பார்த்தார்.

"சார் இல்லையா?"

"உள்ள தூங்கறார்." சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "என்னங்க, டிவி மாட்ட வந்திருக்காங்க. நீங்க எழுந்திருக்க வேண்டாம், படுங்க!"

மெக்கானிக் வாசல் பக்கம் குனிந்து பார்த்தார்.

"வாசல்ல கிடக்கறது சாரோட செருப்பா? அடியில மண்ணே ஒட்டலையே, கடையிலேர்ந்து எடுத்து வச்ச மாதிரி இருக்கு."

"புதுசா வாங்கினது" என்றாள்.

மெக்கானிக் சுவரில் துளை போட ஆரம்பித்தார். வீடே அதிர்ந்தது. அவள் கூடத்துக்குள் வராமல் வாசல் ஓரமாகவே, கைப்பேசியை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

"இவ்வளவு சத்தத்துக்கும் சார் அசையலையே! கும்பகர்ணனோட தம்பியா?"

"எழுந்தார்னா ரொம்பக் கோபப்படுவார். சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்புங்க."

மெக்கானிக் கையிலிருந்த டிரில்லிங் மெஷினை இறக்கிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அந்தக் கதவைப் பார்த்தார். ஓரடி முன்னால் வந்தார்.

"ஏம்மா இப்படி நடுங்கறீங்க? அடிப்பாரா?"

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

டிவியும் ஸ்பீக்கரும் சுவரில் ஏறிவிட்டன. மெக்கானிக் ஆன்டெனாவைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "மாடியிலேர்ந்து ஒயர் அந்த ரூம் வழியாத்தான் வரணும். உள்ள போய்ப் பாத்துக்கட்டுமா?"

"வேண்டாம்!" கிட்டத்தட்டக் கத்தியே விட்டாள். "உள்ள யாரும் போகக் கூடாது. அவருக்குப் பிடிக்காது."

"சரி, சரி. வெளிப்பக்கமா ஜன்னல் கம்பிக்குள்ள ஒயரை நீட்டறேன். நான் கூப்பிட்டதும் நீங்களே போய் வாங்கி, கதவுக்கு அடியில இந்தப் பக்கம் தள்ளிவிடுங்க. நான் உள்ள வரல, போதுமா?"

வெளிப்படிக்கட்டில் அவர் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

தலைக்கு மேலே கொஞ்ச நேரம் தடதடவென்று நடமாட்டம். பிறகு ஜன்னல் பக்கம் ஏதோ பேச்சுக்குரல். கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். கூப்பிடவில்லை.

படுக்கையறைக் கதவுக்கு அடியில் கறுப்பாக ஏதோ அசைந்தது. ஒயரின் நுனி. ஒரு சாண், ஒரு முழம் என்று மெல்ல மெல்லக் கூடத்துக்குள் ஊர்ந்து வந்தது. பிறகு நின்றது.

அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

வாசல் கதவு தட்டப்பட்டது. எப்படிப் போய்த் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மெக்கானிக் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஒயர் வந்துடுச்சா? உங்களைக் கூப்பிடறதுக்குள்ள சாரே முழிச்சுட்டார்மா! திரைக்குப் பின்னாடி நின்னதால முகம் தெரியல. கையை மட்டும் நீட்டி வாங்கிக்கிட்டார். 'கதவுக்கு அடியில தள்ளிடுங்க சார்'னேன். ஒரு வார்த்தை பேசாம தள்ளிட்டார். நீங்க பயமுறுத்தின மாதிரி ஒண்ணும் கோபக்காரராத் தெரியலையே!"

அவள் அந்த ஆளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றி, தெருவுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அண்ணா, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க. தனியா இருக்கேன்னு யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் அப்படியெல்லாம் சொன்னேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலண்ணா!"