உலைக்குப் போகாத துண்டு

அணுக்கரு இணைவு உலையின் சுவருக்கான டங்ஸ்டன் கலப்புலோகம் கதிர்வீச்சு பட்டால் இறுகிப்போகும். எவ்வளவு என்று வைர ஊசியால் அழுத்திப் பார்ப்பது என் வேலை. ஒப்பிடுவதற்காக, உலைப்பக்கமே போகாத துண்டு ஒன்று என் இழுப்பறையில் கிடக்கும். இன்று அதுவும் இறுகியிருந்தது, உலைக்குப் போய்வந்ததை விடவும்.

“என்னம்மா, துண்டை மாத்தி வெச்சுட்டுக் கதை விடுறியா? தப்பு என்னுதுன்னு எழுதிக் குடு,” என்றார் மேலாளர்.

“செய்யாத தப்புக்கு எழுதித் தர மாட்டேன் சார்.”

ஊசிக்கு அடியில் என் கட்டைவிரலை வைத்தேன்.

“இதுவும் உலைப்பக்கம் போனதில்ல. இதை மாத்தி வெக்க முடியாதுல்ல?”

அவர் பாய்ந்து வருவதற்குள் கருவியின் பொத்தானை அழுத்திவிட்டேன். ஊசி இறங்கியது. விரலில் கீறல்கூட இல்லை. வைரம்தான் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அதை ஊதித் தள்ளினேன்.

“வேற ஊசி மாட்டுறேன். உங்க விரலைக் குடுங்க சார்.”