அம்முலுவின் பெரணி

நர்சரி முதலாளி இரண்டு பெரணிச் செடிகளைக் கொண்டுவந்து, தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்த கலாவிடம் ஒன்றும் அம்முலுவிடம் ஒன்றுமாகக் கொடுத்தார்.

"ஆளுயரம் வளர்ற ஜாதி. அடியில ஈரம் காயவே கூடாது. நல்லா வளக்குறவங்களுக்கு இங்க நிரந்தர வேலை."

அம்முலுவின் செடிதான் இடுப்புக்கு மேல் எழுந்தது. கலாவுக்கு வயிறு எரிந்தது.

சித்திரையில் தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று அம்முலு புள்ளலூர் கிளம்பினாள்.

"என் செடிய கொஞ்சம் பாத்துக்கக்கா."

"போய்ட்டு வா. நான் இன்னாத்துக்கு கீறேன்?" என்றாள் கலா.

மறுநாளே குடத்தில் கல்லுப்பைக் கரைத்து அம்முலுவின் செடிக்கு ஊற்றினாள். செடி வாடவில்லை. அடுத்த நாள் உப்பைக் கூட்டினாள். அப்போதும் பச்சையாகவே நின்றது.

"சாவ மாட்டியா நீ?"

பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் குடம் குடமாகச் சுமந்தாள். கிணறு வற்றிக்கொண்டிருந்தது. இறைத்ததெல்லாம் அங்கேயே போனதால் தன் செடிக்கு அவள் ஊற்ற மிஞ்சியது சொற்பம்தான்.

அம்முலு திரும்பிய அன்று முதலாளியும் வந்தார். அம்முலுவின் செடி அவள் தோளைத் தொட்டது. கலாவின் செடி சருகாகிக் கிடந்தது. வேலை அம்முலுவுக்கு என்று சொல்லிவிட்டார்.

அம்முலு கலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னுத காயவுட்டு என்னுதுக்கு ஊத்திக்கினு கீறியேக்கா."



முதலாளி செடியடியில் குந்திப் பார்த்தார். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"வெயிலுக்குக் கிணறு உப்பாயிடுச்சு போல. பரவால்ல, கடலோர உப்பங்கழியில புடுங்கின செடி இது. உப்பு ஒண்ணும் பண்ணாது. தண்ணி இல்லாம காஞ்சாதான் செத்துடும்" என்றவர், கலாவின் செடியைக் காட்டினார். "அதோ, அந்த மாதிரி."