முப்பது படுக்கை, ஒரு சீட்டு

“அண்ணாச்சி, பஸ்ல நான் உக்கார ஒரு சீட்டு வேணும்.”

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். முதலாளி சிரித்தார்.

“முப்பது படுக்கை போட்டும் பிளேன்காரன் ஆளைப் பிடிச்சிட்டுப் போறான். இதுல உனக்குச் சீட்டா, மரியசெல்வி?”

உண்மைதான். விமானத்தில் கட்டணம் எங்கள் கட்டணத்தில் பாதி. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குக் பயணிகள் கம்பியோடு பெல்ட் கட்டி, நின்றபடியே பறக்கிறார்கள். அதை ஜெயிக்கத்தான் எங்கள் பேருந்தில் பட்டுத் தலையணை, கால் பிடித்துவிடும் மெத்தை. நடுவில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே சிரிக்கும் கண்டக்டராக நான், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி.

“படிச்ச புள்ளைக்கு நிக்கத் தெரியாதாக்கும்?”

“நீங்க விழுப்புரம் வரைக்கும் நின்னு பாருங்க, பேசுவோம்.”

“பிளேன்காரன்கிட்ட வேலைக்குப் போனா மட்டும் கட்டில் போட்டுத் தருவானா?”

“கட்டில் இல்ல. ஆனா ஏறும்போதும் இறங்கும்போதும் கண்டக்டர் உக்காந்தே ஆகணும், சட்டம். அத்தனை பேரு நிக்கிற பிளேன்ல ஒரே ஒரு சீட்டு. அது எனக்கு.”

காலையிலேயே அங்கே வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே கேட்காமல் போகத்தான் மனசு வரவில்லை.

வீங்கிய காலைக் கடித்துக்கொண்டிருந்த கம்பெனி ஷூவைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன். வெறுங்காலோடு, ஏறக்குறைய ஓடியே, வெளியே வந்தேன்.