ஒன்பது மணிக்கு வருகிறார்கள்

வேலியில் ஒரு பூ இல்லை.

நேற்று மாலை நூறு மொட்டாவது இருந்தது. நானே பார்த்தேன். இன்று காலை எட்டேகாலுக்குத் துடைப்பத்தோடு வந்து நின்றால், எங்கள் கம்பத்து, இந்தச் சின்னக் கிராமத்து, முகப்பிலிருந்து கோயில் வரை செம்பருத்தி வேலி முழுக்க வெறும் இலை.

ஒன்பது மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள்.

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

மூன்று வருடம். வாரத்தில் ஆறு நாள் குளுவாங் டவுன் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கி, ஏழாவது நாளும் படுக்காமல் இங்கே மண் கொத்தியிருக்கிறேன். ஆரம்பத்தில் கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, என்றதும் முப்பது பேர் வந்தார்கள், முடிந்ததும் சாப்பிட மீ கோரேங் நூடுல்ஸ் கிடைக்கும் என்று. மீ கோரேங் நின்றது, ஆளும் நின்றது. இப்போது என்னோடு சேர்த்து ஒன்பது பேர். குப்பை பொறுக்குவது, புல் வெட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எல்லாம் இந்த ஒன்பது பேர்தான்.

பூ மேல் எனக்கு ஓர் ஆசையும் இல்லை. எனக்கு வேண்டியது லோங்காங், ரோட்டோரச் சாக்கடைக் கால்வாய். டிசம்பர் மழையில் அது நிரம்பினால் சாக்கடைத் தண்ணீர் நேரே வீட்டுக்குள்தான் வரும். அதைச் சரிசெய்யச் சொல்லி ஏழு கடிதம் எழுதினோம். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அழகான கம்பம் போட்டியில் முதலாவதாக வந்தால் மட்டும் ரோடும் லோங்காங்கும் புதிதாகப் போட்டுத் தருவார்களாம். போன வருடம் இரண்டாவதாக வந்தோம். ஒரு கோப்பை கொடுத்தார்கள். கோப்பையை வைத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றலாம்.

அதனால்தான் போன வாரம் கம்பத்தையே கூட்டிவைத்துச் சொன்னேன். நடுவர்கள் வந்து போகும்வரை, சாமிக்கென்றுகூட ஒரு பூவை யாரும் தொடக் கூடாது. சொல்லும்போது என் கண் ராசம்மா அக்கா மேலேயே இருந்தது. தினமும் விடிகாலையில் கூடையோடு வந்து வேலியில் பறிக்கிறவர் அவர்தான்.

வேறு யார் எடுத்திருப்பார்கள்?

எங்கிருந்து தெம்பு வந்ததோ, எழுந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"ஒரே ஒரு நாள் பொறுக்க முடியலையாக்கா? மூணு வருஷம் நாங்க நாயா உழைச்சத மொத்தமா வழிச்சிட்டு வந்துட்டீங்களே!"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் சத்தத்தைக் கூட்டினேன். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்கா உள்ளே கட்டிலருகே குனிந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் செல்லப்பன் அண்ணனுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வாதம் வந்து படுத்து நாலு வருடம். போன டிசம்பரில் தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு ஏறியபோது, அக்கா தனியாளாக அவரைத் தோளோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை நின்றார். இந்த டிசம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சாமி படங்களுக்கு முன்னால் நிறுத்தினார்.

விளக்கு எரிந்தது. பொட்டு வைத்திருந்தது. பூ இல்லை. ஓர் இதழ்கூட இல்லை.

"நீ தொடாதேன்னு சொன்னே, தொடலம்மா. ஒரு வாரமா சாமி வெறும் பொட்டோடதான் இருக்கு. லோங்காங் வரட்டும், கூடை கூடையா போடறேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. கோயிலில் காலைப் பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மகேஸ்வரன், பின்னால் ஷாமளா, பிரவீனா, செல்வா. பார்த்தால் எங்கள் குழு ஆட்கள் எட்டுப் பேரும். எட்டுப் பேர் கையிலும் அர்ச்சனைத் தட்டு, தட்டில் குங்குமத்தோடு செம்பருத்தி. ஒருவர் தட்டை ஒருவர் கோயிலிலேயே பார்த்திருப்பார்கள் போல. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்கள்.

என்னைக் கண்டதும் ஷாமளா நின்றாள்.

"நான் கொஞ்சந்தான்க்கா எடுத்தேன். கம்பம் பேருக்கு அர்ச்சனை. இந்த வருஷமாவது நாம ஜெயிக்கணும்லா."

மகேஸ்வரனும் கொஞ்சம்தான். அவரும் கம்பம் பேருக்குத்தான். எல்லாரும் இருட்டோடு எழுந்து, அவரவர் வாசலுக்கு நேரே, கொஞ்சம் கொஞ்சம்தான் பறித்திருக்கிறார்கள்.

ராசம்மா அக்கா வாசற்படியில் நின்று அந்தத் தட்டுகளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்பதாகவில்லை. அதற்குள் கம்பத்து முகப்பில் ஒரு வெள்ளை வேன் திரும்பியது.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா விடவில்லை. என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"போய் அவங்கள கூப்பிடு, போ. நீ ஒருத்தியாவது சொன்ன சொல்ல காப்பாத்துனியே, அது போதும்."

வேனை நோக்கி நடந்தேன். என் வீட்டுச் சாமி படத்தில், பதினொரு பூதானே என்று காலை ஆறரை மணிக்கு நான் பறித்து வைத்த செம்பருத்திகள் இன்னும் வாடியிருக்காது.