சீட்டின் உயரம்

மொட்டைமாடியில் எட்வின் ஒரு கியர் சைக்கிளைக் கழற்றி, பச்சை நிறத்தை உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டுக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தான். ஹேண்டில்பாரையும் டயர்களையும் மாற்றினான். சீட்டை மட்டும் உயர்த்த முடியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டியும் துருப்பிடித்த தண்டு அசையாததால் அப்படியே விட்டுவிட்டான்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது கீழ்வீட்டு ஜெசிந்தா துணி காயப்போட வந்தாள். போன மாதம் பச்சைச் சைக்கிளில் மலைப்பாதைக்குப் போன அவள் கணவன் திரும்பவேயில்லை. பாதி வழியில் பிரிந்துவிட்டதாக, உடன் போன எட்வின் போலீசிடம் சொல்லியிருந்தான்.

“புதுசாண்ணே?”

“பழசுதான். சந்தையில கெடச்சுது. நான் ஓட்டத்தான்.”

“ஏறி உக்காருங்க, பாப்போம்.”

“பெயின்ட் காயல.”

“சீட்டுல பெயின்ட் அடிக்கலையே.”

அவன் உட்கார்ந்தான். பெடலில் கால் வைத்ததும் முழங்கால் நெஞ்சருகே வந்தது.

ஜெசிந்தா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கணவனின் சட்டையை அவள் இன்னும் துவைத்துக்கொண்டிருந்தாள். அது பள்ளிப் பையனின் சட்டையளவுதான் இருந்தது.

“அவருக்குன்னா அளவா இருக்கும்,” என்றாள்.

எட்வின் சைக்கிளிலிருந்து இறங்கினான். அவன் கையிலிருந்த ஸ்ப்ரே டப்பாவுக்குள் பெயின்ட் கலக்கும் குண்டு மெல்ல உருண்டது. படிக்கட்டுக் கதவு இருவருக்கும் ஒரே தூரத்தில் இருந்தது.