கவிழ்கிற ஜீப்

"அம்மாவை எழுப்பி விட்டுட்டு நீங்க மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கீங்களேப்பா, நல்லாருக்கா இது?"

மகள் ஊரிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கொல்லைப்புற வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே உடைந்த செங்கல் குவியலின் ஓரத்தில் ரிமோட் ஜீப் ஒன்று நான்கு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. அம்மா ஊன்றுகோலோடு அதை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். முட்டி ஆபரேஷன் ஆன கால். அப்பாவோ படியில் சப்பணம் போட்டுக்கொண்டு ரிமோட்டும் கையுமாக இருந்தார்.

"அவ பக்கத்துலதானே இருக்கா. நிமிர்த்தி வச்சிருவா."

"அது உங்க பொம்மைப்பா!"

பொம்மை என்னவோ அவள் வாங்கிக் கொடுத்ததுதான். லீவு கிடைத்தால் போதும், நண்பர்களோடு பாறை மேடு தேடிப்போய் இந்த மாதிரி ஜீப்பை ஏற்றி இறக்குவது அவளுக்கு ஒரு பைத்தியம். அப்பா ரிட்டயர் ஆனதும் அவருக்கும் தொற்றிக்கொள்ளட்டும் என்று ஒன்று வாங்கித் தந்தாள். இவ்வளவு தொற்றும் என்று நினைக்கவில்லை.

"எக்சர்சைஸ் சொல்லிக் கொடுக்க வர்ற பொண்ணு எங்க?"

"உங்கம்மா விரட்டி விட்டுட்டா."

"டாக்டர் என்ன சொன்னாரு? நடக்கலைன்னா முட்டி இறுகிப் போயிடும், அப்புறம் நாற்காலியே கதின்னு சொன்னாரா இல்லையா?"

"வலிக்குதுன்னு அழறா. நான் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். வண்டி ஓட்டுங்க."

அம்மா அதற்குள் சுவரைப் பிடித்துக் குனிந்து ஜீப்பை நிமிர்த்திவிட்டாள். ஒரு சின்னக் கல்லைத் தேடி எடுத்து அதன் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள்.

"ம், இப்ப விடுங்க. இடது பக்கம்... இடது! ஐயோ, என் இடது இல்லைங்க, உங்க இடது!"

மகளுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

அதே குரல். அணை கட்டுகிற இடத்துக்கு அப்பா ஜீப் ஓட்டிய காலத்தில், பள்ளிக்கூட லீவில் அவளும் அம்மாவும் தொற்றிக்கொள்வார்கள். வழி முழுக்கப் பாறை. வண்டி திணறினால் அம்மா குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பாள். இடதா வலதா என்று இதே சண்டை நடக்கும். ஈரத் தார்ப்பாயும் டீசலும் கலந்த அந்த வாசனையில், பின்சீட்டிலேயே தூங்கிப்போவாள் இவள். அந்த நாட்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

"அந்த ஜீப் ஒருதரம்கூட கவிழ்ந்ததில்லையேப்பா. இது மட்டும் ஏன் இப்படி?"

"அது ஆபீஸ் வண்டி. கவிழ்த்தா வேலை போயிடும். இது என் வண்டி."

சொல்லி வாய் மூடவில்லை, செங்கல் மேல் பாதி ஏறிய ஜீப் மறுபடி குட்டிக்கரணம் அடித்தது.

"நீ உட்காரும்மா, நான் பார்க்கறேன்." மகள் ஜீப்பைத் தூக்கி வந்து, நான்கு கிளிப்பையும் பிடுங்கி, மேல்கூட்டைக் கழற்றினாள். கழற்றியவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா! இந்தப் பித்தளை வளையத்தையெல்லாம் முன் சக்கரத்துக்குள்ள மாட்டுங்கன்னு சொன்னேன்ல? பாரம் கீழ இருந்தாத்தான் வண்டி நிக்கும். புதுசா ஓட்டறவங்களுக்கு முதல் பாடமே அதான். நீங்க கூரைக்கு அடியில ஒட்டி வச்சிருக்கீங்க!"

"எங்கயோ வைக்கணும்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சும்மா."

"மெத்து மெத்துன்னு டயர் கொடுத்தேனே?"

"அலமாரியில பத்திரமா இருக்கு."

திட்டிக்கொண்டே வேலையில் இறங்கினாள். வளையங்கள் கூரையிலிருந்து முன் சக்கரத்துக்குள் போயின. மெத்து டயர் ஏறியது. ஷாக் அப்சார்பருக்குக் கெட்டி எண்ணெய் விட்டாள்.

இப்போது ஜீப் பல்லி மாதிரி செங்கலைக் கவ்விக்கொண்டு ஏறியது. அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அடேயப்பா!" என்றாள்.

அப்பா செங்குத்தான பக்கமாகப் பார்த்து ஏற்றினார். ஏறியது. சரிவில் குறுக்கே திருப்பினார். லேசாக ஆடிவிட்டு நின்றது. வேகமாக இறக்கினார். ஊஹூம், கவிழவே மாட்டேன் என்றது.

"எப்படிப்பா?"

"பிரமாதம்," என்றார் அப்பா. முகத்தில் ஈயாடவில்லை. ரிமோட்டைப் படியில் வைத்துவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

"பார்த்தியாம்மா, ஒரு நன்றி கிடையாது. நீயாவது இனிமே நிம்மதியா உட்காரு. இதுக்காக எழுந்திரிக்கவே வேண்டாம்."

அம்மா சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"கிட்ட வாடி. அந்த வளையத்தையெல்லாம் கழட்டி, பழையபடி கூரையிலயே ஒட்டிடு. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

"ஏம்மா? அப்பா பாவம், எங்க வைக்கறதுன்னு தெரியாம தப்பா ஒட்டியிருக்காரு..."

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அந்தப் பாறை வழியில அத்தனை வருஷம் ஜீப் ஓட்டின மனுஷனுக்கு, பாரத்தை எங்க வைக்கணும்னு தெரியாதாடி?"