தட்டு மாற்றும் நாள்

கண்ணை மூடி, கை குவித்து, மனமுருகக் கும்பிட்டான் விஷ்ணு. பிறகு, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்த அந்த மெஷினின் பம்ப் ஸ்விட்சை மெதுவாக அணைத்தான். ஆயுத பூஜையன்று மெஷினுக்கு ஓய்வு கொடுப்பது நெய்வேலிக்குப் புதிதா என்ன?

பக்தி ஒன்றும் இல்லை, படுபாவித்தனம்தான். அது அவனுடைய மெஷின் அல்ல, அருள்மொழியின் மெஷின்.

உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு வெள்ளித் தட்டு. அதன்மேல் ஒரே ஓர் அணு கனத்துக்கு சிலிக்கான் படலம் வளர்ந்திருந்தது. காற்றில்லாத இரும்புக் கூட்டுக்குள் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். பம்ப் நின்றால் காற்று புகும். காற்றுப் பட்டால் ஆறு மாத உழைப்பு அரை மணியில் பாழ்.

வடக்குத்து சாலையில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் விஷ்ணுவும் அருள்மொழியும் ஐந்து வருடமாக கான்ட்ராக்ட். பர்மனென்ட் இடம் ஒன்றே ஒன்று வந்திருந்தது. லீவு முடிந்ததும் சென்னையிலிருந்து நிபுணர் வருவார். கெடாத படலத்தைக் காட்டுகிறவருக்கு வேலை. காட்ட முடியாதவருக்குக் கிடையாது.

சேத்தியாத்தோப்பில் பார்த்திருந்த பெண் வீட்டில் காபி கொடுத்துவிட்டுச் சொல்லியிருந்தார்கள். "பர்மனென்ட் ஆனதும் சொல்லி அனுப்புங்க மாப்ள. மறுநாளே தட்டு மாத்திக்கலாம்."

விஷ்ணுவின் மெஷினும் அவன் தட்டோடு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய். காற்றுப் படாமல் தட்டை இதிலிருந்து அதற்குத் தள்ளலாம். போன வாரம்தான் அருள்மொழி அவனிடம், "உங்க பம்ப் கரகரங்குதுங்க, லீவு நாலு நாள் தாங்குமா?" என்று கேட்டிருந்தாள். பயமுறுத்திப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். இன்று மத்தியானம் மூன்று முறை ஃபோன் செய்திருந்தாள். எடுப்பானா அவன்?

பழி போட ஆளும் தயார். பூஜை போட்டது தங்கராசு, கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் கான்ட்ராக்ட் ஆள். பொரி கடலைப் பொட்டலத்தோடு விஷ்ணு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

லீவு முடிந்த காலையில் இயக்குநர் பரமசிவம் போட்ட கத்தல் வாசல்வரை கேட்டது. நிபுணர் வேறு பக்கத்தில் நின்றிருந்தார்.

"யாருய்யா பம்ப்ப நிறுத்துனது?"

"நான் நிறுத்தலீங்க சார். பொட்டுதான் வச்சேன். வூட்டுக்குப் போவும்போது ஓடிகினுதான் சார் இருந்துச்சி."

"பூஜை அன்னைக்கு எல்லாத்துக்கும் ஓய்வு குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க, தங்கராசு?" விஷ்ணு ரொம்ப வருத்தமாகக் கேட்டான்.

தங்கராசு தலையாட்டினார். சொன்னது நிஜம்தான். அவர் சொன்னது தன் சைக்கிளையும் துடைப்பத்தையும் பற்றி.

கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதினோரு வருட வேலை. கும்பிட்ட கையை இறக்காமலே அந்த மனுஷர் வெளியே போனார்.

விஷ்ணுவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

அருள்மொழி தன் மெஷினின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். விஷ்ணு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடித்தான்.

"விடுங்க அருள்மொழி. உங்க திறமைக்கு வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

"கிடைச்சிடுச்சுங்க." மூக்கை உறிஞ்சினாள். "திருச்சியில. பூஜை அன்னைக்குக் காலையிலதான் ஆர்டர் வந்துச்சு. இந்த போஸ்ட் எனக்கு வேணாம்னு இன்னைக்கு சார்கிட்ட எழுதிக் குடுக்க இருந்தேன். அதச் சொல்லத்தான் உங்களுக்கு மூணு தடவை அடிச்சேன். நீங்க எடுக்கவே இல்ல."

விஷ்ணுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போட்டியே இல்லாத பந்தயத்தில் குதிரையின் காலை உடைத்திருக்கிறோம்! போகட்டும், வேலை எப்படியும் தனக்குத்தான்.

"அப்புறம் எதுக்குங்க இந்த அழுகை?"

அருள்மொழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்க பம்ப் நின்னுடப் போகுதேன்னு, அன்னைக்குக் கிளம்பும்போது நான்தாங்க தட்டு மாத்தி வச்சேன்!"